உறக்கத்தில் நுழைவு: ஆழம்

மூடியைத் திறந்தேன்.
விசிறி சுற்றுகிறது, பச்சை விளக்கு எரிகிறது,
திரை மட்டும்
ராத்திரி உப்பனாறு.

கேப்ஸ் லாக்கைத் தட்டிப் பார்த்தேன்,
இமையைப் பிரித்து டார்ச் அடிக்கும் டாக்டர் மாதிரி.
சின்ன விளக்கு அசையவில்லை.
மணி இரண்டே கால்.
மூன்றரைக்கு சிங்காரத்தோப்புப் போட்டுகள்
ஐஸ் ஏற்ற வந்து நிற்கும்:
"கணக்கே, நம்ம பேர்ல எத்தனை பாரு?"

மூடியில் அரசாங்க முத்திரை தேய்ந்த லேப்டாப்.
பன்னிரண்டாவதில் தம்பிக்குக் கொடுத்தது;
அவன் ஓமன் போனதும் எனக்கு வந்தது.
விண்டோஸ் இழுத்து இழுத்து மூச்சுவிட,
லினக்ஸ் ஏற்றினேன்.
ஆறு மாதம் நல்ல பிள்ளை.
புதுக் கர்னல் ஏறிய நாளிலிருந்து
தூங்கத் தெரிகிறது,
எழத் தெரியவில்லை.

"மூடாமலே வையேன்" என்கிறார் முதலாளி.
பேட்டரி இருபது நிமிஷம். கடலூர் முதுநகர் கரண்ட்
அவருக்குத் தெரியாததா.

பவர் பட்டனை அழுத்திப் பிடித்து எட்டு எண்ணி
கொன்றுதான் பிழைக்கவைக்கிறேன், தினமும்.

கம்ப்ரஸருக்குப் பக்கத்தில் கோணி விரித்து
கலியபெருமாள் அண்ணன் தூங்குகிறார்.
இரைச்சல் இருக்கும்வரை தூங்குவார்.
கரண்ட் போய் இரைச்சல் நின்றால்
முதலில் கால் செருப்பைத் தேடும்,
கண் அப்புறம்தான் திறக்கும்.
எது எழுப்பியது என்று கேட்டால்
அவருக்குச் சொல்லத் தெரியாது.

இது எழுதிவைக்கும்.
போன முறையின் பதிவேட்டை அடிவரை உருட்டினேன்.
கடைசி வரி:
உறக்கத்தில் நுழைவு, ஆழம்.
கீழே ஒன்றுமில்லை.
இந்தப் படியில் இடறினேன் என்றுகூட இல்லை.
டிஸ்க் விழிக்கும் முன்னே விழுந்துவிட்டால்
எதில் எழுதும்?

ஒரு வழி இருக்கிறது, கிறுக்கு வழி.
எழும்போது படிக்குப் படி
ஒரு கீறலைக் கடிகாரத்தில் போடச் சொல்லலாம்.
எல்லாம் அணைந்த பிறகும்
பொத்தான் பேட்டரியில் ஓடிக்கொண்டிருப்பது அது ஒன்றுதான்.
அங்கே வேறு இடம் கிடையாது,
நேரத்தை அழித்துவிட்டு
அதன் மேலேயே எழுத வேண்டும்.

எழுதவிட்டேன். தூங்கவைத்தேன். எழுப்பினேன்.
செத்தது. எட்டு எண்ணினேன்.

திரும்பி வந்தபோது
2047 ஆகஸ்ட் 19, காலை 11.20.
அந்தத் தேதியின் அடியில்
கீறல் பொருந்தும் கருவியின் எண்.
தேடினேன்.
மெமரி கார்டு செருகும் வாய்.

இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து
ஒரு கார்டு அதில் போட்டதில்லை.
கம்பெனிக்காரன் அடைத்த கறுப்பு பிளாஸ்டிக் பொய்க்கார்டு
இன்னும் அதே வாயில்.
ஒருநாளும் ஒரு வேலைக்கும் கூப்பிடாதவனை
கர்னல் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே
நின்றிருக்கிறது,
பின்னால் திரை தன் முறைக்குக் காத்துக்கொண்டு.

ஹாரன். மூன்றரை.
அஞ்சலாட்சி அக்காவின் போட்டுக்கு நாற்பது பார்.
அவசரத்தில் பில்லை அடித்துக் கொடுத்தேன்.
ஈரக்கையால் வாங்கி டியூப்லைட்டில் காட்டிப் படித்தார்:
"ரெண்டாயிரத்து நாப்பத்தேழா?
சரி கணக்கே,
அன்னைக்கே வந்து காசு வாங்கிக்க."
நான் சொன்ன பதிலை
ஐஸ் உடைக்கும் மெஷின் தின்றுவிட்டது.

போட்டுகள் போன பிறகு
அவனை இனி கூப்பிடாதே என்று
ஒரு வரி எழுதிச் சேமித்தேன்.
மூடினேன். விளக்கு மெல்ல மூச்சுவிட்டது.
பொறுமையில்லை, பத்து எண்ணுவதற்குள் திறந்தேன்.

நாற்பது என்று அடித்த இடத்தில்
கோடு துடித்துக்கொண்டிருந்தது,
இவ்வளவு நேரமும் அங்கேயே நின்றதுபோல.

பொய்க்கார்டை நகத்தால் நெம்பி எடுத்து
ஆடும் மேஜைக் காலுக்கு அண்டை கொடுத்தேன்.
கடிகாரத்தைத் திருத்தினேன்.
அஞ்சலாட்சி அக்காவின் பில்லைத் திருத்த முடியாது,
அது கடலில் இருக்கிறது.

காலையில் முதலாளி வருவார்.
ஒரு பதில் யோசித்துவைக்க வேண்டும்.