நூற்றுக்கு எவ்வளவு

எல் எஹீதோவில் மழை பெய்தால்
ஊரே பிளாஸ்டிக்காகச் சடசடக்கும்.
அந்தக் கூரைகளின் கீழ் பழுப்பதெல்லாம்
எங்கள் பெல்ட்டில் ஏறி வரும்.
காய், செங்காய், பழம், அழுகல்:
நான்கு கூடை, நான்கு கை.
இரண்டு என்னுடையவை,
இரண்டு ஒப்துலியாவுடையவை.

பன்னிரண்டு வருடத்தில்
ஒரு செங்காயைக்கூடப் பழக்கூடையில் போட்டவளில்லை.
அந்தச் செவ்வாய்க்கிழமை மூன்று போட்டாள்.
சத்தமில்லாமல் எடுத்து மாற்றினேன்.
"கிஸ்லான்,
இன்று வந்த தக்காளியெல்லாம்
ஏன் செங்கல் நிறத்தில் இருக்கிறது?" என்றாள்.

ஊசி போட்டு ஒன்பது நாள்.
இடது கண்ணைத் திருப்பினால்
உள்ளே யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல் வலி.
வெளியே ஒரு குறையும் இல்லை.
சிவக்கவில்லை, வீங்கவில்லை, நீர்கூட வடியவில்லை.
கழிவறைக் கண்ணாடியில் இருவருமாகத் தேடினோம்,
பத்து நிமிட இடைவேளை முடியும் வரை.

அல்மெரியா ஆஸ்பத்திரியில் டாக்டர் இதுர்பே
ஒரு மருந்துப் புட்டியின் சிவப்பு மூடியைத் தூக்கிக் காட்டினார்.
"வலக்கண்ணுக்கு இந்தச் சிவப்பு நூறு யூரோ.
இடக்கண்ணால் பார்த்து எவ்வளவு தருவீர்கள்?"
சந்தையில் ஒப்துலியாவோடு பேரம் பேசி
ஜெயித்தவர் கிடையாது.
அன்று நேரம் எடுத்துக்கொண்டாள்.
"முப்பது" என்றாள்.

கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு
வீங்கிக் கிடக்கிறதாம்.
மூன்று நாள் சொட்டுச் சொட்டாக மருந்து ஏறியது.
வாயெல்லாம் பழைய சாவியைச் சப்பிய ருசி.
"ஊசியாலா?" என்று நான்தான் கேட்டேன்.
"ஊசிக்குப் பிறகு" என்றார்.
"லட்சக்கணக்கானோரில் வெகு சிலருக்கு இப்படி.
ஊசியே போடாதவர்களுக்கும் வருகிறது.
இவருக்கு எதனால் என்று
என் விளக்குக்குத் தெரியவில்லை."
படிவத்தில் சந்தேகம் என்ற கட்டத்துக்குள்
ஒரு சின்னக் கோடு போட்டார்.
'பிறகு'க்கும் 'ஆல்'க்கும் நடுவே
அந்தக் கோட்டளவுதான் இடம்.
அங்கேதான் ஒப்துலியா குடியிருக்கிறாள், இன்றைக்கும்.

மைத்துனன் முறையில் ஒருவன் வந்து போனை நீட்டினான்,
"சொல், ஊர் கேட்கட்டும்."
மருந்துக்கடைக்காரி வந்து காதோடு சொன்னாள்,
"வெளியே சொல்லாதே, பயந்துவிடுவார்கள்."
இருவரும் வாசலிலேயே நிற்க
அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.
அதில் எலாதியோவின் நீலச் சட்டை.
ஊசி வருவதற்கு முந்தைய குளிர்காலத்தில்
பதினாறு நாள் குழாயில் மூச்சு வாங்கி
திரும்பி வந்து போட்டுக்கொள்ளாமல் போன அண்ணன்.
"கண்ணைப் பற்றிச் சொல்கிறேன்.
இவனையும் சேர்த்துத்தான் சொல்வேன்.
எடுக்கிறாயா படம்?"
போன் பைக்குள் போனது.
மருந்துக்கடைக்காரிக்கும் வேறு வேலை வந்தது.

முப்பது அறுபதானது. அறுபது எண்பதானது.
எண்பதில் நின்றுவிட்டது.
வெயில் ஏறி ஷெட் கொதித்தால்
மறுபடி எழுபதுக்கு இறங்கும்;
ஒன்றும் கேட்காமல் தண்ணீர் பாட்டிலை நகர்த்துவேன்.
நேராக வரும் ஃபோர்க்லிஃப்ட்
அவளுக்கு வளைந்து வருகிறதாம்.
ஓட்டுகிற பையன் பக்கத்தில் வந்தாலே
ஹாரன் அடிக்கப் பழகிவிட்டான்.
எங்களுக்குத்தான் காது போகிறது.

அடுத்த ஊசிக்கான சீட்டு
ஃபிரிட்ஜ் கதவில், மீன் வடிவக் காந்தத்தின் அடியில்.
இதுர்பேயிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தாள்.
அவர் என்ன சொன்னார் என்று சொல்லவில்லை.
சீட்டு ஒரு வாரம் அங்கே இருந்தது,
பிறகு இல்லை.

நேற்று பெல்ட்டை நிறுத்திய நேரம்
ஒரு தக்காளியைக் கையில் எடுத்து
இடக்கண்ணை மூடிப் பார்த்தாள்,
வலக்கண்ணை மூடிப் பார்த்தாள்.
என்னிடம் நீட்டினாள்.
இரண்டு கண்ணும் நன்றாக இருக்கிற நான்
செங்காயா பழமா என்று சொல்ல முடியாமல் நின்றேன்.
ஏப்ரனில் துடைத்து,
உப்புத் தூவிக் கடித்தாள்.
"இன்னும் ஒரு நாள் விட்டிருக்கலாம்."