சான்று இணைக்கவும்

மற்றவர்களின் பெருமையை எழுதுவது என் தொழில்.
விண்ணப்பத்துக்கு இவ்வளவு,
வெள்ளி கிடைத்தால் இவ்வளவு,
தங்கத்துக்குத் தனிக் கணக்கு.
வெண்கலத்துக்கு யாரும் தருவதில்லை,
நானும் கேட்பதில்லை.

இந்த வருடம் டாஸ்மேனியாவின் மேற்குக் கரை.
பதினொரு அறை. முதுகில் மழைக்காடு,
வாசலில் பால் விடாத தேநீர் நிறத்தில் ஓர் ஆறு.
குழாயிலும் அதே நிறம்தான் என்றாள் லோர்னா.
தொட்டி நிரம்பியதும் அலறிக்கொண்டு கூப்பிடுகிறார்களாம்,
யாரோ கழுவாமல் விட்டுவிட்டார்கள் என்று.
நான் எழுதினேன்:
இயற்கையோடு இயைந்த குளியல் அனுபவம்.
நான்கே சொல்.

நடுவர் பெயர் சொல்லாமல் வருவார்.
ஆகவே மார்ச் முழுக்கத்
தனியாக வந்தவருக்கெல்லாம் ராஜ உபசாரம்.
தண்ணீர்ப் பம்பு விற்க வந்த ஒருவர்
மூன்று இரவும் ஆப்பிள் பை தின்று
தூக்கம் வராமல்
நான்காம் நாள் பயந்துபோய்க் கிளம்பிவிட்டார்.

கேள்வி மூன்று: ஊழியர்களைத் தக்கவைக்க என்ன செய்கிறீர்கள்?
சான்று இணைக்கவும்.

அடுப்படியில் த்ராகோவைக் கேட்டேன்.
"பதினாறு வருஷம். ஒருமுறை விலகினேன்.
அது செவ்வாய்க்கிழமை.
புதன்கிழமை ரொட்டி யார் சுடுவது?"
அவ்வளவுதான். மாவுக்குத் திரும்பிவிட்டார்.

கேள்வி ஐந்து: விருந்தினருக்காக எல்லை தாண்டிச் செய்தது எது?

ஹபீபா அறைகளைத் துடைக்கிறவள்.
மாடிப்படிக்கடியில் ஓர் அலமாரி வைத்திருக்கிறாள்.
குழந்தையின் ஒற்றைப் பூட்ஸ்,
காது கேட்கும் கருவி,
பாதி படித்த துப்பறியும் கதை, பக்கம் மடித்தபடி.
ஒவ்வொன்றிலும் நூல் கட்டிய சீட்டு:
அறை எண், தேதி, அவர்கள் போன திசை.
முகவரி கிடைத்ததும் தபாலில் போடுவாள்.
போன மாதம் அடிலெய்டுக்கு ஒரு பல்செட்.
பன்னிரண்டு டாலர், தன் பையிலிருந்து.
ஏன் என்று கேட்டதற்கு
என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்:
"அவர் சாப்பிட வேண்டாமா?"

இதை நூற்று முப்பது சொல்லில் எழுதினேன்.
நன்றாக வந்திருந்தது.
எல்லையைத் தாண்டியது சரியாக நூற்று முப்பது சொல்.

குளியலை வெட்டலாம்; நடுவர்களுக்குக் குளியல் பிடிக்கும்.
சூரியத் தகடுகளை வெட்டலாம்;
அவற்றுக்குத் தனி மதிப்பெண்.
இரவு இரண்டு மணிக்கு
ஹபீபாவை மூன்று சொல்லாக்கினேன்:
விருந்தினர் நலனில் அக்கறை.

காலையில் லோர்னா வரைவைப் படித்தாள்,
வெட்டிய பகுதி ஓரத்தில் சிவப்பில் கிடந்தது.
"தபால் செலவு இவளுடையதா?"
ஆமாம் என்றேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
வேறெதுவும் கேட்கவில்லை.

ஹோபார்ட்டில் விருந்து. தட்டுக்கு இருநூற்று நாற்பது,
ஆகவே லோர்னாவும் அவள் தம்பி க்ளைவும் மட்டும்.
த்ராகோவுக்கும் ஹபீபாவுக்கும் அன்று வேலை,
பதினொரு அறையும் நிரம்பியிருந்தன.

வெள்ளி.
நடுவர் குறிப்பு: கேள்வி ஐந்தில் சான்று போதவில்லை.
தங்கம் வாங்கியது கிழக்குக் கரையில் ஒரு பெரிய ரிசார்ட்.
அதற்கும் நான்தான் எழுதினேன்.
மேடையில் அவர்கள் நன்றி சொன்ன வரியும் என்னுடையது,
கைதட்டினேன், வேறென்ன செய்ய.
லோர்னா என் மேசைப் பக்கம் திரும்பவில்லை.
பணம் மட்டும் திங்களன்றே வந்துவிட்டது.

ஜூனில் ஒரு பொட்டலம்.
உள்ளே என் இடது கையுறை, துவைத்தது.
நூல் கட்டிய சீட்டு: அறை ஏழு, ஏப்ரல் இரண்டு, வடக்கே.
தபால்தலை இருக்க வேண்டிய இடத்தில்
விடுதியின் முத்திரை.

வலது கையுறையைத் தேடினேன்.
ஒற்றை எதற்கு என்று
அதை ஏப்ரலிலேயே குப்பையில் போட்டிருந்தேன்.