கறள்

முதலில் தட்டிப் பார்க்க வேண்டும்.
திருப்புளியின் பிடியால், காது கொடுத்து,
வத்தகப்பழம் வாங்குகிறவன் தட்டுவதுபோல.
நல்ல தகடு ணங் என்று திருப்பிச் சொல்லும்.
கெட்டது ஒன்றும் சொல்லாது.

றெஜினாவின் பெட்போட் வான்
வலப்பக்கம் வாயாடியது.
இடப்பக்கம் முழுதும் பேசாமல் நின்றது.

பாசையூரில், இடப்பக்கம் கடலைப் பார்க்க,
பதினேழு வருஷம் நிறுத்தி வைத்திருந்தார்கள்.
வாடை உப்பைக் கொண்டுவந்து கதவிடுக்கில் வைத்தது.
கச்சான் மணலைக் கொண்டுவந்து அதன்மேல் வைத்தது.
போன வருஷம் யாரோ எல்லாவற்றுக்கும் மேலே
நீலப் பெயின்ற் அடித்திருக்கிறார்கள்,
விற்பதற்கு.

"கசூரினாவில ஐஸ்கிறீம் விக்கப் போறன்.
பங்குனிக்குள்ள வேணும்.
பட்டி பூசி மினுக்கிவிடுங்கோ, காணும்."

பூசலாம்தான்.
பட்டி ஒரு கடன்காரன்,
முதல் மாரிக்கே வட்டி கேட்டு வாசலில் நிற்பான்.
நான் கிரைண்டரை எடுத்தேன்.

நீலத்துக்குக் கீழே வெள்ளை.
வெள்ளைக்குக் கீழே
மருந்துப் போத்தல் மண்ணிறம்.
அதற்கும் கீழே வாழைக்குருத்துப் பச்சை.
நகத்தால் சுரண்டிப் பார்த்து
"இதையே அடியுங்கோ" என்றாள்.
அதற்கு மட்டும் விலை பேசவில்லை.

புத்தகத்தில் இதைத் துரு என்று எழுதியிருக்கும்.
எங்கள் வாயில் கறள்.
சொல்லும்போதே நாக்கில் கொஞ்சம் உதிர்கிறது.

கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் போக மூன்று துளை உண்டு.
யாரோ அழகுக்காக அடைத்துவிட்டிருந்தார்கள்.
ஆணியால் குத்தினேன்.
குளவிக்கூட்டு மண், ஒரு பஸ் ரிக்கற்,
எத்தனையோ மாரியின் கறுத்த தண்ணீர்.

தளத்தை வெட்டியதும் கராஜ் நிலம் தெரிந்தது.
பக்கத்து வீட்டுக் கோழி ஓட்டைக்குள்ளால் தலை நீட்டி
உள்ளே யாரென்று பார்த்துவிட்டுப் போனது.
வெட்டியது முழுதும் ஒரு பெயின்ற் வாளிக்குள் அடங்கிற்று.
பழைய இரும்புக்காரன் தராசை எடுக்கவேயில்லை.
"இது இரும்பில்லை அண்ணை, மண்."

பின்சக்கர வளைவுக்குள்
தார் பூசிய ஒரு சதுரம் இருந்தது.
தாரைச் சுரண்ட, பால்மா ரின்.
தலைகீழாய் எழுத்துகள்,
குண்டுக் குழந்தை ஒன்றின் பாதிச் சிரிப்பு.
பன்னிரண்டு றிவெற், நூல் பிடித்த நேர்.
பொருளாதாரத் தடைக் காலமாக இருக்கலாம்,
வெல்டிங்குக்குக் காஸ் கிடைக்காமல்,
வான்கள் மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடிய நாட்கள்.
ஆரென்று தெரியாது.
அவசரப்படாத ஆள்.
சுற்றிவர எல்லாம் மாவாய்ப் போயிருக்க
அந்தச் சதுரம் மட்டும் ணங் என்றது.

அதில் கை வைக்கவில்லை.
நொறுங்கிய நிஸான் ஒன்றின் பொனற்றைக் கத்தரித்து
அதைச் சுற்றிப் புதிசை வைத்தேன்.

மெல்லிய தகட்டில் ஒரே இழுவையாய் இழுக்கக் கூடாது.
இங்கே ஒரு பொட்டு.
எதிர்மூலையில் ஒரு பொட்டு.
ஈரத்துணி. ஒரு பிளேன்ரீ.
பிறகு நடுவில் ஒரு பொட்டு.
அவசரப்பட்டால் அப்பளம்.

ஒவ்வொரு பின்னேரமும் போன் எடுப்பாள்.
"முடிஞ்சுதோ?"
"அம்பத்திமூண்டு பொட்டு வச்சிட்டன்."
"இவ்வளவுக்கு ஒரு கலியாணமே முடிஞ்சு
பிள்ளைக்கும் ஞானஸ்நானம் குடுத்திருக்கலாம்."

பங்குனி போய்ச் சித்திரையும் பிறந்தது.
பாதிக் காசுக்குச் சண்டை பிடித்தாள்,
கால்வாசி இறங்கினேன்.

பச்சை காய்ந்த அன்று
அவளை உள்ளே இருத்திக் கதவுகளைச் சாத்தினேன்.
வெளியே நின்று ஹோஸ் பிடித்தேன்,
கூரை, கண்ணாடி ரப்பர், கதவிடுக்கு,
அந்த ஐம்பத்துமூன்று பொட்டும் நனைய.
பத்து நிமிஷம்.
உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

பிறகு விரல்மொழியால் தகட்டைத் தட்டுகிறாள்.
ணங்.
"வலப்பக்கப் பின்மூலை. ஒரு துளி."
ஹோஸை மடித்துப் பிடித்தபடி நிற்கிறேன்.
கொஞ்சம் பொறுத்து,
"இன்னுமொண்டு."