பதினேழாம் கதவு

கிராண்ட் ஐலண்ட், நெப்ராஸ்கா. விடிகாலை நாலு பத்து.
இறைச்சிக் குளிர்கிடங்கின் முற்றத்தில்
எனக்கு ஒதுக்கியது பதினேழு.
பதினாறில் ஒரு நீல லாரி, பதினெட்டில் ஒரு வெள்ளை.
நடுவில் இருப்பதை ஓர் இடம் என்று
சீட்டுக் கொடுத்த காவலாளி நம்புகிறான்.

டிரெய்லர் இடப்பக்கம் போக வேண்டுமென்றால்
ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்ப வேண்டும்.
இதைச் சொல்ல ஒரு மூச்சு போதும்.
கைக்குப் புரியவைக்க ஆறு வாரம்.
பதினோரு வருடம் வங்கி கவுன்டரில்
பணம் எண்ணிய கை இது.
கொடு என்றால் கொடுக்கும், வாங்கு என்றால் வாங்கும்,
எதிராகச் செய் என்றால் திகைத்து நிற்கும்.

மூடிப்போன சூப்பர் மார்க்கெட்டின் வாசலில் பயிற்சி.
செம்மஞ்சள் கூம்புகள் எல்லாமே
எனக்கு முன்பே யாரிடமோ நசுங்கியவை.
என்னோடு படித்த ஹப்தோம்,
அஸ்மராவில் கேக் சுட்டுக்கொண்டிருந்தவன்,
மதியச் சாப்பாட்டு மேசையில்
முள்கரண்டியை எஞ்சினாக்கி
கெச்சப் பொட்டலத்தை அதன் பின்னால் வைத்துத் தள்ளுவான்.
பொட்டலம் மடங்கும். மறுபடி தள்ளுவான்.
"இதுக்கு மூளையே இல்ல, ஆனா பழி வாங்குது" என்பான்.
அவன் முதல் தேர்விலேயே தேறினான்.
நான் மூன்றாவதில்.

நாலு விளக்கும் மினுங்க, ரிவர்ஸில் போடுகிறேன்.
இடக் கண்ணாடியில் டிரெய்லரின் விலா முழுக்க.
வலக் கண்ணாடியில் வெற்று முற்றம், ஒரு குப்பைத்தொட்டி.
கொஞ்சம் திருப்பு. காத்திரு.
டிரெய்லர் யோசித்துத்தான் கேட்கும்.
அது கேட்பதற்குள் நான் இன்னும் திருப்பிவிடுவேன்,
அப்புறம் இரண்டையும் சேர்த்துக் கேட்கும்.
மடங்குகிறது. நிறுத்து.
முன்னே போ. நேராக்கு.
மறுபடி.

இறங்கிப் போய்ப் பார், அதில் வெட்கமில்லை என்று
பயிற்சிக் கூடத்துச் சுவரில் எழுதியிருந்தது.
வெட்கம் இருக்கிறது. குளிரும் இருக்கிறது.
ஏழாம் தடவை இறங்கியபோது
பதினெட்டில் திரை விலகி ஒருவன்
சூரியகாந்தி விதை கொறிக்கத் தொடங்கினான்.
கை காட்டவில்லை, சிரிக்கவுமில்லை.
ஜன்னல் வழியே கை நீட்டி
தன் கண்ணாடியை மட்டும் மடக்கிக்கொண்டான்.
அந்த க்ளிக், தேர்வு முடிவு போலக் கேட்டது.

முன் என்றால் நடந்து முடிந்தது,
பின் என்றால் இனி வரப்போவது.
வண்டிக்கும் அதே இலக்கணம்தான்.
வரப்போவதை
ஐம்பத்து மூன்று அடித் தகரம் ஒன்று
முழுசாக மறைத்துக்கொண்டு நிற்கிறது, அவ்வளவே.

ஐம்பதாவது நிமிடம் வாக்கில்
திருப்புவதையே விட்டுவிட்டேன்.
அலுப்போ என்னவோ.
ஸ்டியரிங்கின் அடியைப் பிடித்திருந்த கை
வால் போக வேண்டிய பக்கம் தானாக நகர்ந்தது,
ஒரு விரல் அகலம்.
இரண்டு கண்ணாடியிலும் ஒரே அளவு இருட்டு.
பிறகு ரப்பரில் மோதி,
டம்.
இருக்கை வழியாக முதுகெலும்பு வரை அந்த டம்.

ஏர் பிரேக் சீறியது. நானும்.

அலுவலக ஜன்னலில் சீட்டை நீட்டினேன்.
வெர்லா என்று பெயர்ப்பட்டை.
கேமராத் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"அழகா நிறுத்தியிருக்க. கதவத் திறந்தியா?"

டிரெய்லரின் பின்கதவு இரண்டும்
கிடங்கின் வாயோடு வாய் ஒட்டி
பூட்டியபடி இருந்தன.

திரும்பி வந்தேன். விதை கொறிப்பவனுக்கு
முதலிலிருந்தே தெரிந்திருக்க வேண்டும்.
"முதல் வாரமா?"
"நாலாம் நாள்."
"நான் ஒம்பதாம் நாள்ல பண்ணேன்."
தொலியைத் துப்பினான். "பத்தாம் நாள்லயும்."

முப்பதடி முன்னே இழுத்து, இறங்கி,
உறைந்த கொண்டியைக் குத்தித் திறந்து
கதவுகளை விலாவோடு சேர்த்து மாட்டினேன்.
உள்ளே ஒன்றுமில்லை.
இத்தனை பாடும்
ஐம்பத்து மூன்று அடி இருட்டை ஏற்றி வந்ததற்கு.

ஏறினேன். நாலு விளக்கு.
நேராகத்தானே, முப்பதடி.

பதினெட்டில்
அவன் கண்ணாடி
இன்னும் மடங்கித்தான் இருந்தது.