செஞ்சோற்றுக் கணக்கு

சஸ்கட்டூனில் பெப்ரவரி.
மைனஸ் முப்பத்தொன்று.
காரின் மூக்கில் மின்வயர் செருகியிருக்கிறது,
இரவுக்குச் சேலைன் ஏற்றிய நோயாளிபோல்.
சமையலறை மேசையில் நாற்பத்திரண்டு பக்கம்.
திங்களுக்குள் நான் சொல்லவேண்டும்:
மாகாணத்துப் பாலர் நிலையங்களுக்கு
இந்த விட்டமின் கரடிகளை
வாங்கலாமா, கூடாதா.

பன்னிரண்டு கிழமை. இருநூற்றுப் பத்துப் பிள்ளைகள்.
பாதிப் பேருக்குச் சத்துள்ள கரடி,
மீதிப் பேருக்குச் சும்மா கரடி.
இரண்டும் ஒரே ஊதா, ஒரே இனிப்பு.
முடிவுரை சொல்கிறது: கவனம் கூடியது.
அடிக்குறிப்பு, எறும்பு எழுத்தில், சொல்கிறது:
செலவு முழுவதும் கரடி செய்தவர்களுடையது.

லோரெய்ன் போனில் சிரித்தாள்.
"அதற்குப் பிறகும் ஏன் வாசிக்கிறாய்?
குப்பையில் போட்டுவிட்டுப் படு."

போட்டிருக்கலாம்.
ஆனால் காசு வாங்கியவரெல்லாம் பொய்யர் என்றால்
என் சம்பளச் சீட்டையும் யாராவது
வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவேண்டும்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்த்த மொழியில்,
உப்பை மறந்து எழுது என்பதற்கு
ஒரு சொல் தேடினேன்.
செஞ்சோற்றுக்கடன் என்றுதான் வந்தது.
அதையும் நாம் புகழ்ச்சியாகவே சொல்கிறோம்.

ஆகவே சோற்றைக் கிளறினேன்.

ஒன்பதாம் பக்கம்: விட்டமின் டி ஏறியிருக்கிறது.
உண்மைதான், இரத்தத்தில் அளந்தது.
பாதி வருடம் வெயில் தோலைத் தொடாத ஊரில்
விழுங்கியும் ஏறாவிட்டால்தான் அதிசயம்.
ஓரத்தில் 'சரி' என்று எழுதினேன்.
எழுதும்போது, சொல்ல வெட்கம்,
கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

பத்தொன்பதாம் பக்கத்தில் பூசணிக்காய் தட்டுப்பட்டது.
தொடங்குமுன் பதிந்துவைத்த திட்டத்தில்
கவனத்தை அளப்பவர் ஆசிரியை.
முடிந்தபின் அளந்திருப்பவர் அம்மா.
ஆசிரியைகள் நிரப்பிய தாள்கள்?
'பின்னர் வெளியிடப்படும்.'
எந்தப் பின்னர் என்று இல்லை.

அம்மாக்களைப் பழிக்க எனக்கு வாயில்லை.
இரவு ஏழரைக்கு மூடி திறந்து
மிதுஷாவின் உள்ளங்கையில் ஒரு கரடி வைப்பேன்.
மறுநாள் காலையில் அவள்
இரண்டு கையுறையையும் தானே தேடி எடுத்துவந்தால்
எனக்குள் யாரோ சொல்வார்கள்:
பார், வேலை செய்கிறது.

படிவத்தின் கடைசிக் கேள்வி:
இந்த நிறுவனத்திடமிருந்து எதையேனும் பெற்றதுண்டா?
'இல்லை'யில் புள்ளடி போட்டுவிட்டு
தண்ணீர் குடிக்க எழுந்தேன்.

பிரிட்ஜின் மேல் போத்தல்.
அதே கரடி.
போன இலையுதிர்காலத்து ரெஜைனா மாநாட்டில்
வாசலில் தந்த பையில்
ஒரு குடையும் இதுவும் கிடந்தன.
பொங்கலுக்கு மறுநாள்தான் திறந்தோம்.

மேசையில் கொட்டி எண்ணினேன்.
புள்ளடியை வெட்டிவிட்டு எழுதினேன்:
போத்தல் ஒன்று. கரடிகள் அறுபது.
மீதி முப்பத்தேழு.
தின்றவர் என் மகள், வயது ஐந்து.
குடையை எங்கோ தொலைத்துவிட்டேன்.
எண்ணும்போது ஒன்றை நானும் வாயில் போட்டேன்,
பிறகு மீதியை முப்பத்தாறாக்கினேன்.

பரிந்துரை: இப்போதைக்கு வேண்டாம்.
ஆய்வாளருக்குக் கேள்விகள்:
ஆசிரியைகளின் தாள்களை அனுப்புங்கள்.
இடையில் நின்றுபோன இருபத்தொன்பது பிள்ளைகளில்
இருபத்துமூன்று பேர் சத்துக் கரடி தின்றவர்கள்.
ஏன் நின்றார்கள்?
வயிற்றுவலியா, வீடு மாறினார்களா,
ஊதா பிடிக்கவில்லையா?
ஒருவரையாவது கேட்டீர்களா?

அந்த இருபத்துமூன்று பேரும்
விடியும்வரை என்னோடு மேசையில் இருந்தார்கள்.

ஆறரைக்கு மிதுஷா வந்தாள்,
மேசை நிறையக் கரடி பார்த்தாள்.
"இவ்வளவும் எனக்கா அம்மா?"
"இல்லை. கணக்குப் பார்க்கிறேன்."
"என்ன கணக்கு?"
சொல்லத் தெரியாமல்
அவளுக்குச் சப்பாத்து மாட்டினேன்.

ஒரு கையுறையைக் காணவில்லை.