பிரித்தெழுதுக

களுவாஞ்சிகுடி பிரதேச செயலகத்தில்
மின்விசிறிக்கு நேர் கீழே நின்று படிவம் நிரப்பினேன்.
'பிரிவு' என்று ஒரு கோடு விட்டிருந்தார்கள்.
ஆவணி பதினேழு, விடியற்காலை
என்று எழுதினேன்.
கிளார்க் பிள்ளை சிரிக்கவில்லை.
"இது கிராம சேவகர் பிரிவு, அக்கா."
வெள்ளை மையால் என் விடியலை அழித்துப்
பெரியகல்லாறு இரண்டு என்று எழுதித் தந்தாள்.
காயும்வரை ஊதினேன்.

வீடு சீதனம். ஆகவே
போக வேண்டியது நேசராசாதான்.
உரப்பையில் நாலு சாரம், சேவிங் செட்.
தோணிக் கயிற்றை மறந்துவிட்டார்.
அல்லது விட்டுவிட்டார்.
நைந்த இடத்துக்குப் புதிது வாங்கப் போனால்
"எத்தனை பிரி?" என்கிறான் ஹாட்வெயார்ப் பொடியன்.
மூன்று பிரி, தம்பி.
முறுக்கிக் கட்டி, தோணியையே இழுத்துப் பிடித்தாலும்
அதுக்குப் பேர் பிரிதான்.

இரவு, நான் செப்பலி கழுவுகையில்
கேதுஷா தமிழ்க் கொப்பியோடு வந்தாள்.
மாங்காய். பிரித்தெழுதுக.
"மா, காய்" என்றேன்.
எழுதினாள். பென்சிலைக் கடித்தாள்.
"நடுவில ஒரு ங் இருந்ததே அம்மா,
அது ஆரோட போகும்?"

கையெல்லாம் செதில்.
மாவினுடையதும் இல்லை, காயினுடையதும் இல்லை,
இரண்டும் சேர்ந்த இடத்தில் வந்தது.
டீச்சரைக் கேள் என்றேன்.
"கேட்டன். வாறதுக்குப் பேர் தோன்றலாம்.
போறதுக்குப் பேர் சொல்லல்ல."

அவள் தூங்கியபின் கொப்பியைப் பார்த்தேன்.
ஓரத்தில், கோட்டுக்கு வெளியே,
ஒற்றை ங்.
தமிழில் அது தனியே நிற்காது.
அழிறப்பர் பக்கத்திலேயே கிடந்தது.