நிலாவைத் துவக்குதல்

சுட்டியின் வயரை எலி கடித்துவிட்டது.
சிரிக்காதே என்றார் வெலிமிர்.
சிரித்தேன்.

சுபோட்டிட்சா பொம்மை அரங்கு.
சனிக்கிழமை, பதினொரு மணிக் காட்சி.
கீழே நூற்றுநாற்பது பிள்ளைகள்
செர்பியனில் பாதி, ஹங்கேரியனில் பாதி
நாற்காலியை உதைக்கிறார்கள்.
விளக்குப் புரோகிராமின் குட்டிப் படம்
திரையின் மூலையில்தான் இருக்கிறது,
தொட விரல் இல்லை.
மெனுவோ போன வாரத்திலிருந்தே
உறைந்துபோய் முறைக்கிறது.

திறந்து கிடந்தது ஒரு கறுப்புச் சன்னல் மட்டும்.
பாட்டுக் கோப்புகளுக்கு மொத்தமாகப் பெயர் மாற்ற
என்றைக்கோ நான் நிறுவிய ஷெல்.
விண்டோஸ் வீட்டுக்குள்
யூனிக்ஸ்காரனுக்கு விட்ட வாடகை அறை.
வீட்டுக்காரர் சாய்கோட்டைப் பின்னால் சாய்ப்பார்,
குடியிருப்பவன் முன்னால்.
ஒரே மாடிப்படிதான்,
ஆளுக்கொரு பக்கமாக எண்ணுவார்கள்.

தட்டினேன்.
அப்படி ஒரு கோப்போ கோப்புறையோ இல்லை.
பெயரின் நடுவே ஓர் இடைவெளி.
முன்பாதியை மட்டும் வாசித்துவிட்டு
அப்படி ஆளே கிடையாது என்கிறது.
இரண்டாம் எண்ணின் தலைமேல் மேற்கோள் குறி:
பெயரை இருபுறமும் இறுக்கிக் கட்டி
மறுபடி தட்டினேன்.

சன்னல் விரிந்தது.
அதன் பட்டன்கள், அதன் சாம்பல் நிறம்,
அதற்குள் வரிசையாய்
கரடிக் கல்யாணத்தின் இருபத்தேழு வெளிச்சங்கள்.
எழுத்தால் கூப்பிட்டேன், படமாக வந்து நின்றது.
கைதட்ட யாருமில்லை,
வெலிமிர் திரைச்சீலைப் பக்கம் ஓடிவிட்டார்.

மூன்றாம் காட்சி.
நிலா ஏறிவிட்டது, நீலம் நாற்பது சதவீதம்.
மாப்பிள்ளைக் கரடி வேலியோரம் நிற்கிறது.
இனித் தம்புரிட்சா வாத்தியம் ஒலிக்க வேண்டும்,
அது வேறு புரோகிராம்.
கறுப்புச் சன்னலுக்குத் திரும்பினால்
வரிமுனை இல்லை.
நான் தட்டுவது எழுத்தாக விழுகிறது,
யாரும் கேட்பதில்லை.
அனுப்பிய ஆள் திரும்பி வரும்வரை
வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறது ஷெல்,
விளக்குகளையே பார்த்துக்கொண்டு.

பொறுமை எனக்கு அம்மா வழியிலும் இல்லை, அப்பா வழியிலும் இல்லை.
கண்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்தினேன்.

வரிமுனை வந்தது.
நிலா போனது.

இருட்டு என்றால் அப்படி ஓர் இருட்டு.
நூற்றுநாற்பது மூச்சு ஒன்றாக நின்றது
எனக்கு மேலே கேட்டது.
பிறகு கரடிக்குள்ளிருந்து எமெஷேயின் குரல்,
முதலில் ஹங்கேரியனில், அப்புறம் செர்பியனில்:
"நிலாவை விழுங்கினது யார்?"
நான்! நானில்லை! இவன்தான்!
அரங்கு முழுக்க ஒப்புதல் வாக்குமூலம்.
"துப்புங்கள்" என்றது கரடி.

துப்பினார்கள். உண்மையாகவே.
முன்வரிசையில் கம்பளம் நனைந்திருக்கும்.

அந்தச் சத்தத்தில் எனக்கு அந்தச் சொல் ஞாபகம் வந்தது.
பெயருக்கு முன்னால் வைக்கிற சின்னச் சொல்.
துவக்கு, துவக்கிவிட்டுக் கையை எடு,
நிற்காதே, திரும்பிப் பார்க்காதே என்று பொருள்.
மேடைக்கு ஆளைத் தள்ளிவிட்டு
அடுத்த ஆளின் தோளைத் தொடப்போகிற கை.

வைத்தேன். தட்டினேன்.
சன்னல் வருவதற்கு முன்பே வரிமுனை வந்துவிட்டது.
நல்லபடி முடிந்தது, பூச்சியம், என்றது ஷெல்,
இன்னும் ஒன்றும் ஆரம்பிக்கவேயில்லை.
அடுத்த வரியில் தம்புரிட்சாவையும் அனுப்பினேன்.
அதற்கும் பூச்சியம்.
கண்ணாடிக்கு அப்பால் இருட்டைப் பார்த்தபடி
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு
எண்ணினேன்.
நீலம், முதலில் வேலியின் விளிம்பில்.

பதினொரு நாற்பத்தைந்துக்கு மணப்பெண் வந்தாள்,
கரடி அவள் காலை மிதித்தது,
அது நாடகத்தில் இல்லை.

சும்மா இருக்க முடியாமல் ஷெல்லிடம் கேட்டேன்,
உன் கையில் இப்போது என்னென்ன வேலை இருக்கிறது?
ஒரு வரியும் பதில் இல்லை.
வெறும் கோடு, கண் சிமிட்டிக்கொண்டு.
அதற்குத் தெரிந்தவரை
யாரையும் அது அனுப்பவில்லை.

கீழே ஒருவன் இன்னமும் துப்பிக்கொண்டிருந்தான்.
நிலா எரிந்துகொண்டிருந்தது.